சிறு குற்றமும் நம் இளைஞரும்



கொலை, கொள்ளைகளைப் பற்றிப் பேச நாம் இங்குக் கூடவில்லை. ஒரு குடும்பத்தின் வாழ்வைச் சந்தடியின்றிக் கெடுப்பது பெரும்பாலும் சிறு வழக்கே. தோட்ட வேலைக்குச் சேர்வராயன் மலையேறும் தொழிலாளியும், சேலத்துக்குப் படிக்கச் செல்லும் மாணவனும் என்றேனும் இத்தகைய வழக்கில் சிக்கக்கூடும். ஆகவே, சிறு குற்றத்தைச் சட்டம் எவ்வாறு நடத்துகிறது என்பதை முதலில் தெளிவோம்.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில், திருடிய பொருள் கோழியாயினும் பொன்னாயினும் மூன்றாண்டு வரை சிறை விதிக்க இடமிருந்தது. காவலர் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா இதனை மாற்றியது. பொருளின் மதிப்பு 5000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், தண்டனை சமுதாய சேவையே. இத்தகைய சிறு திருட்டில் பிடியாணையின்றிக் கைது செய்யவோ, நடுவரின் ஆணையின்றிப் புலனாய்வு செய்யவோ காவலருக்கு அதிகாரம் இல்லை. அபராதம் மட்டுமே, அதுவும் 5000 ரூபாய்க்கு மிகாமல் விதிக்கத்தக்க குற்றங்களில், நேரில் வராமலே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தை அஞ்சலில் அனுப்பவும் நடுவர் வழிசெய்யலாம்.

வழி எளிது, விளைவு எளிதன்று. "அபராதத்தைக் கட்டிவிட்டுப் போ" என்று சொல்வோர் பலர். ஒப்புக்கொண்டு கட்டும் அபராதமும் தண்டனைத் தீர்ப்பே ஆகும். பின்னர் மேல்முறையீட்டில் தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் மட்டுமே கேட்கலாம். குற்றமே செய்யவில்லை என வாதாட இயலாது. அரசுப் பணிக்குத் தேர்வானவரைக் காவல்துறை விசாரிக்கும் நாளில் அத்தீர்ப்பு எதிரே வந்து நிற்கும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், அற்ப வழக்கை மறைத்ததை வேலை தருவோர் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. ஆயினும் உண்மையைத் தெரிவிப்பது விண்ணப்பிப்பவரின் கடமை என்றும் கூறியது.

மற்றொரு பக்கமும் உண்டு. நம்மவர் மீது வரும்போது சிறியது பெரிதாகிறது; நமக்கு இழைக்கப்படும்போது பெரியது சிறிதாகிறது. பட்டியல் இனத்தைச் சாராத ஒருவர், பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் நம்மைச் சாதிப் பெயர் சொல்லி ஏசுவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைக்குரியது. அதனை வெறும் வாய்ச்சண்டை என எழுதி, மனு ரசீது மட்டும் தந்து சமாதானம் பேசி அனுப்பினால் நாம் ஏற்கலாகாது. இச்சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என 2018ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகிறது. அவ்வறிக்கையின் படியை இலவசமாகப் பெறுவது புகார் தந்தவரின் உரிமை.

ஆகவே, இளைஞர்களே! படித்துப் பாராத தாளில் கையொப்பமிடாதீர்கள். வழக்கறிஞரைக் கலவாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். கட்டிய பணத்துக்கு இரசீது கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகாரங்கள் சட்டப்படி, பட்டியல் இனத்தவருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுச் செய்யலாம்.

அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைந்த அரசமைப்பு நமக்கு உரிமைகளைத் தந்தது. உரிமையை அறியாதவன் கையில் அது பூட்டிய பெட்டியே. இதுவரை நாம் எழுத்தறிவித்தோம். இனிவரும் ஆண்டுகளில் சட்டமும் அறிவிப்போம்.