எய்ட்ஸ் ஆராய்ச்சி: யார் ரத்தம், யார் பணம், யாருக்குப் பலன்?

(காரிமங்கலத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"எய்ட்ஸ் ஆராய்ச்சி என்று சர்வகலாசாலைகளில் கோடி கோடியாகக் கொட்டுகிறார்களாமே, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? அங்கே என்னதான் செய்கிறார்கள்? கூலிக்காரனுக்கு அதில் என்ன கிடைத்தது?" என்று போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரிக்கவேண்டிய கேள்வியல்ல அது. கணக்குக் கேட்கிற கேள்வி. சங்கத்தில் நாம் முதலில் கற்றுக்கொள்வதே கணக்குக் கேட்கத்தான். நான் டாக்டர் அல்ல, பத்தாவதோடு நின்றவன். ஆனாலும் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் காரிமங்கலம் பெரிய ரஸ்தாவின் மேல் இருக்கிற ஊர். காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நெடுஞ்சாலை நம் வாசல் வழியாகப் போகிறது. இரவு பகலாக லாரி. நம் பிள்ளைகள் பலர் திருப்பூரில், ஓசூரில், பெங்களூரில். ஆகவே எய்ட்ஸ் என்று பேச்செடுத்தாலே ஒருவர் லாரி டிரைவரைக் கைகாட்டுகிறார், இன்னொருவர் ஏதாவது ஒரு பெண்ணைக் கைகாட்டுகிறார். இந்தத் தேசத்தில் எய்ட்ஸ் கண்டுபிடிக்கப்பட்டதே அப்படிக் கைகாட்டப்பட்ட பெண்களின் ரத்தத்திலிருந்துதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மயிலாப்பூரில் எடுத்த ரத்தம்

1985-ஆம் வருஷக் கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா என்ற 32 வயது மாணவி, கிருமிகளைப் பற்றிய மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். பட்டத்துக்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவேண்டும். எய்ட்ஸ் இங்கே இருக்கிறதா என்று பார்க்கும்படி அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் சொன்னார். அது அமெரிக்காக்காரன் வியாதி, ஒழுக்கமுள்ள நம் நாட்டில் வராது என்று பெரிய மனிதர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம்.

மயிலாப்பூரில் 'விஜிலன்ஸ் ஹோம்' என்ற காப்பகம் இருந்தது. விபசாரம் என்று பிடித்த பெண்களை அடைத்துவைக்கும் இடம். அங்கே போய் 80-க்கு மேற்பட்ட பெண்களிடம் நிர்மலா ரத்தம் எடுத்தார். கையுறைகூடக் கிடையாது. எடுத்த ரத்தத்தை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். சோதித்துப் பார்க்கும் வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் அவரும் கணவரும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். சோதனையில் ஆறு பேருடைய ரத்தம் மஞ்சளாக மாறியது. அதுதான் நோய்க்கிருமி இருப்பதற்கு அடையாளம். அமெரிக்காவுக்கு அனுப்பிப் பார்த்தும் அதே முடிவு. அந்த வருஷம் மே மாதம் சட்டசபையில் மந்திரி அறிவித்தார்.

கோடிகள் புரண்ட இடமல்ல இது. ஒரு மாணவியின் கட்டுரை. ஓர் ஐஸ் பெட்டி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்கு விளக்கவில்லை. வழக்கமான மேகவியாதிச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். பின்னாளில் நிர்மலாவே இதை மறைக்காமல் சொன்னார். டாக்டரைக் குறை சொல்ல நான் இதை எடுக்கவில்லை. அவர் செய்தது துணிச்சலான வேலை. கொடுத்தவர்கள் யார் என்பது கணக்கில் ஏறவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

விதைநெல் எங்கிருந்து வருகிறது?

இனி பணத்தின் கதை. அமெரிக்காவில் 1988 முதல் அந்த நாட்டுச் சர்க்காரின் தேசிய சுகாதார நிறுவனம், பல சர்வகலாசாலைகளில் எய்ட்ஸ் ஆராய்ச்சி நிலையங்களுக்கு மானியம் தந்துவருகிறது. அப்படிப்பட்ட நிலையத்தில் என்ன வேலை? ரத்தத்தை வருஷக்கணக்கில் கெடாமல் வைக்கும் பெட்டிகள், சோதனைச் சாலை, புள்ளிக்கணக்குப் போடும் ஆட்கள். இவற்றைத் தனித்தனி டாக்டர்கள் வாங்கமுடியாது; நிலையம் பொதுவில் வைத்திருக்கும். இளம் விஞ்ஞானிகளுக்குச் சிறு தொகை கொடுப்பதும் அதன் வேலை. இதை நம் விதைநெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை வைத்து அவன் ஒரு சிறு பாத்தியில் பயிர் காட்டினால், பிறகு பெரிய மானியம் கேட்டு மனுப் போடலாம். விதைநெல் இல்லாதவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வரப்பிலேதான் நிற்கவேண்டும்.

அந்த மானியத்தில் ஒரு பங்கு கடல் கடந்தும் வந்தது. சுனிதி சாலமன் 1993-ல் சென்னையில் 'ஒய்.ஆர்.ஜி. கேர்' என்ற நிலையத்தைத் தொடங்கினார். பிரௌன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் முதலிய அமெரிக்க சர்வகலாசாலைகளோடு சேர்ந்து அது ஆராய்ச்சிகள் நடத்தியது. அவற்றில் ஒன்றை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகள். ஒருவருக்குக் கிருமி உண்டு, துணைக்கு இல்லை. இந்தியாவில் சென்னையிலும் புனேயிலும் சேர்ந்தார்கள். கிருமி உள்ளவருக்கு உடனே மாத்திரை ஆரம்பித்தால், துணைக்குத் தொற்றுவது நூற்றுக்கு 96 பங்கு குறைகிறது என்று 2011-ல் முடிவு வந்தது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, சோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் மூலம் தொற்றாது என்று இன்று டாக்டர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். இது அமெரிக்க உழைப்பாளியின் வரிப்பணத்தில் நடந்தது. நல்லதை நல்லது என்றே சொல்லவேண்டும்.

ஆனால் மருந்து கண்டுபிடிப்பது ஒன்று, அது ஏழையின் கைக்கு வருவது வேறொன்று. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலை என்று ஒன்று. 'ஸ்டாவுடின்' என்ற மருந்து எய்ட்ஸ் கிருமியை அடக்கும் என்று அங்கே வில்லியம் புருசாஃப் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். காப்புரிமை சர்வகலாசாலையின் பெயரில். விற்கும் உரிமை பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனிக்கு. கம்பெனிக்கு லாபம், சர்வகலாசாலைக்குக் கோடிக்கணக்கான டாலர் பங்கு. ஆப்பிரிக்காவில் ஜனங்கள் ஈசல் போல மடிந்துகொண்டிருந்தார்கள். மூன்று மருந்துகள் சேர்ந்த வைத்தியத்துக்கு ஒரு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை!

2001-ல் 'எல்லையற்ற மருத்துவர்கள்' ஸ்தாபனம், தென்னாப்பிரிக்காவில் மலிவு மருந்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டு யேலுக்குக் கடிதம் எழுதியது. எங்கள் கையில் இல்லை, உரிமை கம்பெனியிடம் இருக்கிறது என்று பதில் வந்தது. மாணவர்கள் கிளர்ந்தார்கள். மருந்தைக் கண்ட புருசாஃபே அவர்கள் பக்கம் நின்றார். சில வாரங்களில் கம்பெனி இறங்கிவந்தது. தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையைக் காட்டித் தடுக்கமாட்டோம் என்று அறிவித்தது.

அதே 2001 பிப்ரவரியில் பம்பாயிலிருந்து இன்னொரு குரல். சிப்லா கம்பெனியின் யூசுப் ஹமீது, அந்த ஸ்டாவுடின் உள்ளிட்ட மூன்று மருந்துகளையும் சேர்த்து வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. சிப்லாவும் முதலாளிக் கம்பெனிதான், தர்ம சத்திரம் அல்ல. 1970-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டம் மருந்தின் மேல் உரிமை தராமல், செய்யும் முறையின் மேல் மட்டுமே தந்தது. அதனால்தான் அது முடிந்தது. 2005-ல் அந்தச் சட்டம் மாற்றப்பட்டுவிட்டது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2004 ஏப்ரல் 1 அன்று நம் நாட்டில் இலவச மாத்திரை ஆரம்பமாயிற்று. ஆரம்பித்த இடங்களில் நம் தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியும் ஒன்று. இன்று தேசம் முழுவதும் 17 லட்சம் பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். தோழர் கேட்டாரே, கூலிக்காரனுக்கு என்ன கிடைத்தது என்று, இது கிடைத்தது.

வெளியூர்க் குளத்தை நம்பி

2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் வைத்தியசாலைகள் பல கதவை மூடின. மே மாதம், அமெரிக்க சர்வகலாசாலைகள் தம் மானியத்திலிருந்து அயல்நாட்டு நிலையங்களுக்குப் பங்கு தரும் பழைய முறையையும் நிறுத்தினார்கள். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். நம் மாத்திரை நிற்கவில்லை. ஏன்? அந்தச் செலவை நம் சர்க்காரே ஏற்றிருந்தது. 2021 முதல் 2026 வரை எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் ஒதுக்கிய தொகை 15,471 கோடி ரூபாய். ஆனால் ஆராய்ச்சி? வெளியூர்க் குளத்தை நம்பி நாற்று விட்டால் என்ன கதி என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நம்மால் முடியாதா? சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்சில் சேர்ந்து நடத்தின. குடிசையில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும், சானடோரியத்தில் படுத்தவருக்குச் சமமாகக் காசம் குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்கே நிரூபித்தது. அதே நிலையம் பின்னர் எய்ட்ஸ் கிருமியும் காசமும் சேர்ந்து தாக்கிய 331 பேரை வைத்து ஆராய்ந்தது. வாரம் மூன்று நாள் மருந்து போதாது, தினசரி மருந்துதான் நல்ல பலன் தரும் என்று காட்டியது. பஞ்சு தூசியில் நிற்கிறவனுக்கும் கல் உடைக்கிறவனுக்கும் இது சொந்த விஷயம்.

தருமபுரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவ மாணவர்களின் இரண்டு மாதச் சிறு ஆராய்ச்சிக்கு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உதவித்தொகை தருகிறது. ஆசிரியர்களுக்குப் பெரிய மானியமும் உண்டு. வேலை தேடி ஜில்லாவை விட்டுப் போகிறவன் மாத்திரையை ஏன் பாதியில் விடுகிறான் என்று ஒரு மாணவன் ஆராயட்டுமே! நிர்மலாவும் மாணவிதான். இதை மனுவாக எழுதிக் கல்லூரி முதல்வரிடம் கொடுப்போம்.

புது மருந்தும் வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, பெயர் 'லெனகாபவிர்'. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம் பெண்களில் ஒருவருக்கும் கிருமி தொற்றவில்லை என்று 2024-ல் தெரிந்தது. அமெரிக்காவில் அதன் விலை வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல். இந்தியக் கம்பெனிகள் 40 டாலருக்குச் செய்து 2027 முதல் ஏழை நாடுகளுக்குத் தருவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. அது நம் ஆஸ்பத்திரி அலமாரிக்கு எப்போது வரும் என்று இப்போதே கேட்கத் தொடங்கவேண்டும்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். 2017-ல் வந்து 2018 செப்டம்பர் முதல் அமலில் உள்ள சட்டப்படி, விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் யாருக்கும் இந்தச் சோதனை செய்யக்கூடாது, ஆராய்ச்சிக்கும் அப்படியே. முடிவை வெளியே சொல்லக்கூடாது. வேலைக்குச் சேர்க்க இந்தச் சோதனைச் சீட்டைக் கேட்கக்கூடாது. கிருமி இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு நீக்கக்கூடாது. எந்த ஆலை மேஸ்திரியாவது கேட்டால் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் சோதனை இலவசம். தருமபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மாத்திரை மையம் இருக்கிறது. சந்தேகம் கேட்க 1097 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம், காசு இல்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். இங்கே மையத்தில் சொன்னால், அங்குள்ள மையத்துக்கு மாற்றிக்கொடுப்பார்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், கூட நான் வருகிறேன்.