கேட்க வேண்டிய மூன்றாம் கருத்து



மனைவியின் பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று மருத்துவர் கூறுகிறார். வேறொருவரிடம் கேட்டால் அவர் வருந்துவாரோ என்று கணவர் தயங்குகிறார். அத்தயக்கம் வேண்டா. ஒரு பொருளை ஒரு நோக்கில் மட்டும் கண்டு முடிவுரைத்தல் ஆகாது என்பதே ஜினவறம் போற்றும் அநேகாந்தம்.

கல்லீரலில் பரவிய கட்டிகள் எல்லாம் அறுவைக்கு அப்பாற்பட்டவை அல்ல. சில, மருந்தால் சுருங்கிய பின்னர் அகற்றத்தக்கவை. அதனைக் கல்லீரல் அறுவை வல்லுநர் ஆராய்ந்து கூறவேண்டும். திசுவின் மரபணுச் சோதனையோ ஏற்ற மருந்தைத் தெரிந்தெடுக்க உதவும். ஆதலின் ஸ்கேன் படங்கள், திசுச் சோதனை அறிக்கை, சோதித்த திசு மாதிரி ஆகியவற்றைக் கேட்டுப் பெறுதல் நோயாளியின் உரிமை. 1954இல் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் பல துறை வல்லுநரும் ஒருங்கே உள்ளனர்.

இரண்டாம் கருத்து முதற்கருத்தையே உறுதிசெய்யவும் கூடும். அதன் பின்னரும் ஊர்தோறும் அலைந்து சிகிச்சையைத் தாழ்த்துதல் தகாது.

மருத்துவர் இருவரையும் கேட்ட கணவர், நோயின் பெயரையே மனைவியிடம் மறைத்துவிடுதல் உண்டு. உடல் அவருடையது, எஞ்சிய நாளும் அவருடையது. உண்மையை மெல்ல எடுத்துரைத்து, அவர் விழைவதை அருகமர்ந்து கேட்டல் வேண்டும். அம்மூன்றாம் கருத்தைக் கேளாதவரை அநேகாந்தம் நிறைவுறாது.

அறம் வாழ்க!