தேர் தாழ்ந்த விலை

(எமது மன்றத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

காரின் வில்லை மாற்றி அதைத் தாழ்த்துவதற்கு ஆகும் செலவு என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். சமய மன்றமொன்றில் இஃதென்ன பேச்சென்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். “எங்கள் ஆசைக்குத் தடை போட வந்துவிட்டார்கள்” என்று இளைஞர் சிலர் முணுமுணுக்கவுங் கூடும். இரு சாராரும் சற்றுப் பொறுத்தருளல் வேண்டும். இன்று எம்மூரில் ஒரு கார் என்பது ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு. கட்டாரிலோ துபாயிலோ வெயிலில் நின்று ஒரு தமையன் அனுப்பிய காசு அதில் இருக்கிறது. லீசிங் தவணை இருக்கிறது. சில வேளைகளில் அடகு வைத்த தாலிக்கொடியும் இருக்கிறது. அப்படிப்பட்ட பொருளில் கை வைக்குமுன் கணக்குப் பார்த்தல் அறமா அன்றா? கோபுரங் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ணிப் பார்க்க வேண்டுமென்ற உவமையை நாம் மிஷன் பாடசாலையிற் கேட்டிருக்கிறோம். நம் பாட்டிமாரும் அதையே வேறு சொற்களாற் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் வில்லென்பது யாதெனப் பார்ப்போம். இழுக்கும் விசைக்கேற்ப வில் நீளும் என்னும் விதியை இங்கிலாந்து அறிஞர் ரொபேட் ஹூக் 1678இல் நூலாக வெளியிட்டார். குதிரை வண்டிகளுக்கு ஏற்ற நீள்வட்ட வில்லுக்கு ஒபதையா எலியட் என்பவர் 1804இல் இலண்டனிற் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பெரும்பாலான வண்டிகளில் வீதியின் பள்ளம் நேரே பயணியின் முதுகெலும்பிலே விழுந்தது. இன்றைய காரில் வில்லுக்கு இரண்டு கடமைகள் உண்டு. பள்ளத்தைத் தான் விழுங்கி ஆளை அலுங்காமற் காத்தல் ஒன்று. ரயர் நிலத்தைவிட்டு எழாமற் பார்த்துக்கொள்ளுதல் மற்றொன்று. வில் ஆடிக்கொண்டே இராதபடி அதனை அடக்குவது “சொக்” என்று நாம் சொல்லும் அதிர்வுதாங்கி. வில்லும் சொக்கும் கணவன் மனைவி போல ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டியவை.

தாழ்த்தும் வில் என்பது குட்டையானது, அதனால் விறைப்பானது. காரை வழக்கமாக 25 முதல் 50 மில்லிமீற்றர் வரை இறக்கும். இதைச் செய்ய இரு வழிகள் உள. ஒன்று, அதற்கென்றே செய்த வில்லை வாங்கிப் பூட்டுதல். மற்றொன்று, உள்ள வில்லிலே ஒன்றிரண்டு சுற்றை வெட்டி எறிதல், அல்லது நெருப்பிற் காய்ச்சி அமர்த்துதல். இரண்டாவது வழி மலிவு என்பதால் அதுவே பலரை இழுக்கிறது. நிற்க.

இந்த ஆசை எங்கே பிறந்தது? பந்தயத் திடலில் மட்டும் பிறக்கவில்லை. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில், மெக்சிக்க வழிவந்த இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, பின்பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றியும் வில்லை வெட்டியும் நிலத்தோடு நிலமாகத் தாழ்த்தினார்கள். வேகமாக ஓடுவதற்காக அன்று. மெல்ல ஓடி, தங்களை ஏளனமாகப் பார்த்த நகரம் தங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. 1958இல் கலிபோர்னியா மாநிலம், சக்கரத்தின் இரும்பு வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே காரின் எப்பகுதியும் தாழலாகாது எனச் சட்டஞ் செய்தது. மறு ஆண்டே ரொன் அகிரே என்ற இளைஞர், வேண்டும்போது உயர்த்தவும் தாழ்த்தவுமான நீரியல் அமைப்பைத் தமது காரிற் பூட்டிச் சட்டத்துக்கு வழி கண்டார். அந்தத் தடை 2024 சனவரி முதலாந் திகதிதான் நீங்கிற்று. பெரியோர்களே, இதை ஏன் சொல்லுகிறோமெனில், கார் தாழ்த்தும் பையனை வெறும் காவாலி என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. தனக்கென்று சொல்ல வேறொன்றும் இல்லாதவன் தன் மதிப்பை ஒரு பொருளில் ஏற்றிப் பார்க்கிறான். அவன் நெஞ்சிலுள்ள ஏக்கத்தை அறியாமல் அவனுடைய காரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அடுத்து, தாழ்த்துவதால் வரும் நன்மை. நன்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கார் வளைவிற் திரும்பும்போது உட்பக்கச் சக்கரத்தின் பாரத்தில் ஒரு பங்கு வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறுகிறது. பார மையம் தாழ்ந்தால் அந்த மாற்றம் குறையும். 1,000 கிலோ நிறையும், 550 மில்லிமீற்றர் உயரத்திற் பார மையமும், 1,450 மில்லிமீற்றர் சக்கர அகலமும் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். சற்று வேகமான ஒரு வளைவில், புவியீர்ப்பின் பத்தில் நான்கு பங்கு பக்கவிசை தோன்றுமாயின், ஏறக்குறைய 152 கிலோ பாரம் மாறும். காரை 40 மில்லிமீற்றர் தாழ்த்தினால் அது 141 கிலோவாகும். ஆதாயம் 11 கிலோ, நூற்றுக்கு ஏழு. பந்தய ஓட்டுநனுக்கு இது பெரிது. ஆனால் நம் நாட்டிற் காருக்கு ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70 கிலோமீற்றர் என்று வேக எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் ஓடுபவன் இந்த நூற்றுக்கு ஏழை எங்கே செலவிடுவான்? ஆகவே நாம் வாங்குவது பெரும்பாலும் அழகையே என்று ஒப்புக்கொள்வோம். அழகை வாங்குதல் பாவமன்று. விலை தெரியாமல் வாங்குதலே பேதைமை.

இனிச் செலவுக்கு வருவோம். அமெரிக்கச் சந்தையிற் பெயர்பெற்ற நிறுவனங்களின் வில் தொகுதி ஏறக்குறைய 200 முதல் 400 டொலர் வரை விற்கப்படுகிறது. டொலருக்கு 300 ரூபா எனக் கொண்டால் 60,000 ரூபா முதல் 120,000 ரூபா வரை. ஏற்றுக்கூலியும் இறக்குமதி வரியும் வேறு. 2022 மார்ச் தொடக்கம் வரை 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதை நாம் மறக்கவில்லை. 300 டொலர் வில் அன்று இரண்டு மாதங்களில் 60,000 ரூபாவிலிருந்து 108,000 ரூபாவாயிற்று. வில்லோ அதே வில்தான்!

கராஜில் நான்கு வில்லையும் கழற்றிப் பூட்ட நான்கு முதல் ஆறு மணித்தியால வேலை. அது இரண்டாவது செலவு. பூட்டியபின் சக்கர நேராக்கம், அதாவது “அலைன்மென்ட்”, கட்டாயம். கார் தாழ்ந்ததும் சக்கரங்களின் தலை உட்புறமாகச் சரியும். நேராக்காவிடில் ரயரின் உள்விளிம்பு மட்டும் விரைவிலே தேயும். வெளியிலே பார்த்தாற் புதிய ரயர். உள்ளே நூல் தெரியும். அது மூன்றாவது. பழைய சொக், குட்டையான விறைத்த வில்லை அடக்க வல்லதன்று. பல கார்களில் அதனையும் மாற்ற நேரும். நான்கு சொக்கின் விலை வில்லின் விலையையே விஞ்சுதல் உண்டு. அது நான்காவது. “வில் இவ்வளவுதான்” என்று நண்பன் சொல்லிய தொகை இந்த நான்கில் ஒன்று மட்டுமே என்பதை இளைஞர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அப்படியாயின் வெட்டிவிட்டாற் செலவில்லையே எனின், அங்கேதான் ஆபத்து. எட்டுச் சுற்று வில்லில் இரண்டை வெட்டினால் மிஞ்சிய ஆறும் மூன்றிலொரு பங்கு அதிகம் விறைக்கும். ஒரு நீளக் கம்பி வளையுமளவுக்குக் குட்டைக் கம்பி வளையாது என்ற எளிய உண்மையே இது. அன்றியும் வெட்டிய முனை தன் இருக்கையிற் சரியாக அமராது. கார் ஒரு மேட்டிலிருந்து துள்ளும்போது வில் இடம் விலகக்கூடும். நெருப்பிற் காய்ச்சினாலோ உருக்கின் பதமே கெட்டுவிடும். பிறகு அது வில்லன்று, வளைந்த இரும்பு. மலிவாகச் செய்த வேலையின் மிச்சத் தொகையைப் பின் ஆசனத்திலிருப்பவர் கட்ட நேர்கிறது.

இவையெல்லாம் எவ்வூருக்கும் பொதுவான கணக்கு. நமது ஊருக்கென்று ஒரு தனிக் கணக்குண்டு. நம்மிடையே ஓடும் யப்பானியச் சிறு கார்கள் பலவற்றின் தரையிடைவெளி 140 முதல் 155 மில்லிமீற்றர் அளவினது. அதில் 40 போனால் 100 முதல் 115 மில்லிமீற்றரே மிஞ்சும். கார்கள் பிறந்த யப்பானிலேயே 90 மில்லிமீற்றருக்குக் குறைந்தாற் பரிசோதனையிற் சித்தியடைய முடியாது. அதுவும் அந்நாட்டு வழவழப்பான வீதிகளுக்கு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலை நம் வாசலால் ஓடுகிறதென்பது உண்மை. ஆனால் நெடுஞ்சாலையிலா நாம் குடியிருக்கிறோம்? கடற்கரைப் பக்கம் இறங்கினால் மணல்; வயற்பக்கம் போனாற் கிரவல்; பாடசாலை வாசல்தோறும் வேகத்தடை; அறுவடைக் காலத்தில் வீதியோரமெங்கும் காயும் நெல். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போது நாவிதன்வெளிப் பக்கத்தார் படும் பாடு யாவரும் அறிந்ததே. 2024 நவம்பர் வெள்ளத்தை நினையுங்கள். இரண்டு விரற்கிடை உயரம் அன்று எத்துணை பெறுமதி! தண்ணீர் காற்றுக்குழாய்க்குள் ஏறினால் இயந்திரமே போய்விடும்.

இன்னொன்று. நம் ஊரிற் கார் தனி ஒருவனுடையதன்று. நள்ளிரவில் அயல்வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டால், கல்முனை ஆதார வைத்தியசாலைக்கு ஓடுவது அந்தக் கார்தான். முதுகு நொந்த அப்பாச்சி ஏறுவதும், மருதமுனையிலிருந்து வரும் நம் முஸ்லிம் நண்பரின் தாயார் ஏறுவதும் அதே காரில்தான். விறைத்த வில்லின்மேல், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஒவ்வொரு வேகத்தடைக்கும் படும் வேதனையை எந்தக் கராஜ் பற்றுச்சீட்டில் எழுதுவது?

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். நம் நாட்டு வாகனங்களை ஆளுவது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். வாகனங்களிற் பூட்டிய அனுமதியற்ற உதிரிகளை அகற்றும் நடவடிக்கையைப் பொலிசார் 2025 சனவரியில் நாடெங்கும் தொடங்கியதை அறிவீர்கள். அயல்நாடான இந்தியாவின் உச்ச நீதிமன்றமும், தயாரித்தவர் குறித்த அமைப்புக்கும் பதிவுப் பத்திரத்துக்கும் மாறாக வாகனத்தை மாற்றலாகாது என 2019 சனவரியிற் தீர்ப்பளித்தது. காப்புறுதிக்காரரிடம் சொல்லாமல் மாற்றிய கார் விபத்துக்குள்ளானால், நட்டஈடு கேட்கும்போது வழக்கு வளரும். 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதியே நின்றிருந்த நாடு இது. ஒரு காரை இழந்தவன் இன்னொன்றை எளிதிலே வாங்கிவிட மாட்டான்.

பாண்டவர் இருந்த இடம் என்று பெயர்ப்பொருள் சொல்லும் மரபுடையது நம் பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் சந்நிதியில் பதினெட்டு நாளும் பாரதங் கேட்டு, வனவாசம் கண்டு, தீமிதிப்பைத் தரிசித்து வளர்ந்தவர் நாம். தருமருடைய தேர் நிலத்தைத் தொடாமல் நான்கு விரற்கிடை உயரத்தில் ஓடிற்றென்பது பாரதம். அசுவத்தாமன் பற்றி அவர் ஒரு சொல்லை உரக்கவும் ஒரு சொல்லை மெல்லவுஞ் சொன்ன மாத்திரத்தில் அத்தேர் தரையிற் படிந்தது. அன்றைய களத்தில் ஆதாயம் கண்முன் தெரிந்தது: துரோணர் வீழ்ந்தார். விலையோ எவருக்கும் முன்னே தெரியவில்லை. சக்கரம் மண்ணிற் பட்டபின்னரே தெரிந்தது. நம் இளைஞர் காரைத் தாழ்த்துதலும் தருமர் தவறும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. ஆதாயம் முதலில் தெரியும், விலை பின்பே தெரியும் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். வில்லை மாற்றுமுன் தேய்ந்த சொக்கை மாற்றிப் பாருங்கள்; ரயரின் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள்; நேராக்கம் செய்யுங்கள். கார் வளைவில் ஆடுகிறதென்ற குறையிற் பெரும்பங்கு இவற்றோடு தீர்ந்துவிடும். அதன் பின்னும் ஆசை நின்றால், வில், சொக், கூலி, நேராக்கம், ரயர் என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, காசு அனுப்பியவரிடம் அத்தாளைக் காட்டுங்கள். அவரும் சம்மதித்தால் முறையான வில்லைத் தேர்ந்த கையாற் பூட்டுங்கள். எக்காரணங் கொண்டும் வெட்டாதீர்கள். பெரியோர்களே, உங்களிடமும் ஒன்று: பையன் அத்தாளோடு வரும்போது ஏசி அனுப்பிவிடாமல், அவனை அருகில் இருத்திக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். கணக்குப் பார்க்கப் பழகியவன் காரில் மாத்திரமன்றி, வாழ்விலும் பள்ளம் பார்த்து ஓட்டுவான்.