உயில் வாசிக்கும் உறுமல்



தண்டலம் கூட்டுரோட்டில் திரும்பி பேரம்பாக்கம் சாலையில் போனால் மண்ணூர் வரும். பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, கொஞ்சம் தள்ளி ஸ்ரீபெரும்புதூர், தெற்கே ஒரகடம். கார், லாரி, புல்லட், டயர், கண்ணாடி, செல்போன் என்று எதையாவது செய்து அனுப்பிக்கொண்டே இருக்கும் வட்டாரம். ஷிப்ட் மாறும் நேரத்தில் ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, காதில் இயர்போன். அந்த இயர்போனுக்குள் பெரும்பாலும் அனிருத், இளையராஜா, கானா. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. அவர்கள் கேட்பது புரோக்ரெசிவ் மெட்டல். பக்கத்து சீட்டுக்காரர் தப்பித்தவறி அந்த இயர்போனை வாங்கி வைத்துப் பார்த்தால் அடுத்த நொடி திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஹெவி மெட்டல் தெரிந்திருக்கும்: முறுக்கிவிட்ட மின்கிடார், இடிபோல டிரம்ஸ். அதை எடுத்துக்கொண்டு, பாட்டின் நீளம், தாளக் கணக்கு, கதை சொல்லும் முறை எல்லாவற்றையும் கலைத்துப்போட்டால் புரோக்ரெசிவ் மெட்டல். ஏழு எண்ணிக்கையில் ஓடும், திடீரென்று ஐந்துக்குத் தாவும். மேல்நாட்டு ரசிகர்கள் இந்தக் கணக்கைப் பெரிய விஷயமாகப் பேசுவார்கள். நமக்கு அதில் அவ்வளவு மலைப்பு வேண்டியதில்லை. தகிட தகதிமி என்றால் ஏழு, மிஸ்ர சாபு. தக தகிட என்றால் ஐந்து, கண்ட சாபு. மிருதங்க வகுப்புக்குப் போகிற பிள்ளை கைதட்டிக் காட்டிவிடும். நம் ஊர்க் காதுக்குத் தடையாக நிற்பது தாளம் இல்லை. அந்தக் குரல். க்ரௌல் என்று ரசிகர்கள் சொல்லும் உறுமல்.

அந்த உறுமலைச் சுற்றித்தான் இன்றைய பேச்சு.

ஓபெத் என்று ஸ்வீடன் நாட்டு இசைக்குழு ஒன்று. பாடுவதும் எழுதுவதும் மிகாயெல் ஓகெர்ஃபெல்ட். 2001-ல் வந்த பிளாக்வாட்டர் பார்க் ஆல்பம் அவர்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஒரே பாட்டில் ஒரு பக்கம் அடிவயிற்று உறுமல், மறுபக்கம் தாலாட்டுபோல மென்மையான குரல், இரண்டும் ஒரே ஆளுடையது. இதுதான் அவர்கள் அடையாளம். 2008-ல் வாட்டர்ஷெட் என்ற ஆல்பம். அதற்குப் பிறகு ஓகெர்ஃபெல்ட் ஆல்பங்களில் உறுமலை விட்டுவிட்டார். 2011-ல் வந்த ஹெரிடேஜில் தொடங்கி வரிசையாக நான்கு ஆல்பங்களில் வெறும் பாட்டுக் குரல்தான். பாதி ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள், மீதிப் பேர் பழகிக்கொண்டார்கள். பிறகு 2024 நவம்பர் 22-ஆம் தேதி, தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட் என்ற ஆல்பம் வந்தது. பதினாறு ஆண்டுக்குப் பிறகு ஆல்பத்தில் உறுமல்.

எனக்குத் தெரிந்த ஷிப்ட் இன்சார்ஜ் ஒருவருக்கு அந்த வாரம் தூக்கமே இல்லை. ஆள் நாற்பதை எட்டப்போகிறவர். 2009-ல் கல்லூரி மாணவராக இருந்தபோது கிண்டி ஐஐடி வளாகத்தில் சாரங் விழாவுக்குப் போனவர். அந்த ஆண்டு சாரங்கில் ஓபெத் வாசித்தார்கள். திறந்தவெளி அரங்கில் நெருக்கியடித்து நின்று, வாட்டர்ஷெட் வந்த சூட்டோடு அந்தக் குரலை நேரில் கேட்டவர்களில் அவரும் ஒருத்தர். அப்போது இன்ஜினியரிங் படித்த அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர் இந்த வட்டாரத்து ஆலைகளில்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். தலை நரைத்து, ஹெல்மெட் போட்டு, உற்பத்தி இலக்கைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் முதல் பாட்டு வெளியானதுமே இவர் முடிவு செய்துவிட்டார். "திரும்பி வந்துட்டாங்க" என்றார். ஆல்பம் முழுவதும் வந்த பிறகும் அதையேதான் சொன்னார். உலகத்தில் வேறு ரசிகர்கள் சொன்னதும் பெரும்பாலும் அதுதான்.

அவருக்குக் கீழே வேலை பார்க்கும் டிரெய்னி ஒருவன். செய்யாறு பக்கத்துக் கிராமம், டிப்ளமா படித்தவன். மண்ணூரில் நான்கு பேரோடு ஒரு ரூமில் இருக்கிறான். ஓபெத் சென்னைக்கு வந்தபோது அவன் தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பான். ஓபெத்தின் எல்லா ஆல்பங்களும் அவன் போனில் ஒரே வரிசையில் கிடக்கின்றன. 2008-க்கும் 2024-க்கும் நடுவே அவன் எதற்காகவும் காத்திருந்ததில்லை. அதனால் "திரும்பி வந்தாங்க" என்ற பேச்சே அவனுக்குப் பிடிபடவில்லை. டீக்கடையில் இன்சார்ஜ் கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் என்னை இந்த உரைக்கு இழுத்து வந்தது. "எங்க ஊர் கூத்துல துரியோதனன் வேஷக்காரர் பேசுற மாதிரி இருக்குண்ணா" என்றான்.

இன்சார்ஜ் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

செய்யாறு, காஞ்சிபுரம் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதக் கூத்து. விடிய விடிய நடக்கும். கடைசியில் படுகளம்: மைதானத்தில் மண்ணால் பெரிய துரியோதனன் உருவம் கிடத்தி, அதைச் சுற்றி வேஷக்காரர்கள் சண்டை போடுவார்கள். துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் கர்ஜிப்பார், உடனே உச்சத்தில் பாடுவார், உடனே வசனம் பேசுவார். மூன்றும் ஒரே பாத்திரத்தின் குரல்கள். கர்ஜனை வரும்போது "இவர் ஏன் கத்துகிறார்" என்று எந்தக் கிழவியும் கேட்பதில்லை. துரியோதனன் அப்படித்தான் பேசுவான் என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது அந்த ஆல்பத்தின் கதையைக் கேளுங்கள். முதல் உலகப் போர் முடிந்த காலம். பெரிய பணக்காரர் ஒருவர், கட்டுப்பெட்டி, குடும்பத்தையே அதிகாரத்தால் ஆண்டவர், இறந்துவிட்டார். மாளிகையில் உயில் வாசிக்கப்படுகிறது. வாரிசுகள் என்று எல்லோரும் நினைத்திருக்கும் இரட்டைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூடவே, இளம்பிள்ளை வாதம் தாக்கிய ஒரு பெண்ணும் இருக்கிறாள். அநாதை என்று சொல்லி அந்த வீட்டில் வளர்க்கப்பட்டவள். இவள் எதற்கு இங்கே என்று இரட்டையர்களுக்குச் சந்தேகம். உயில் ஒவ்வொரு பிரிவாக அவிழ்கிறது. ஆல்பத்தின் முதல் ஏழு பாட்டுகளுக்குத் தனிப் பெயரே கிடையாது. சட்டப் பத்திரத்தில் போடும் பிரிவுக் குறியும் ஒன்று முதல் ஏழு வரை எண்ணும்தான். எட்டாவது பாட்டுக்கு மட்டும் பெயர் உண்டு.

ஆக, நாம் கேட்பது செத்துப்போன அப்பாவின் வாய்மொழி. அவர் சில இடத்தில் உறுமுகிறார், சில இடத்தில் பாடுகிறார், சில இடத்தில் வெறுமனே பேசுகிறார். பேச்சுப் பகுதிக்கு ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் குழலும் வாசித்திருக்கிறார். அந்தப் பையன் கூத்தை இழுத்தது விளையாட்டாக இருக்கலாம். ஆனால் உறுமலை ஒரு பாத்திரத்தின் குரலாக அவன் கேட்டான். மூத்தவர் அதை இசைக்குழுவின் வரலாறாகக் கேட்டார். முதல் கேட்பிலேயே கதைக்குள் போனவன் சின்னவன்தான் என்பது என் கட்சி.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவது என்று நினைக்காதீர்கள். குரல்நாண்களுக்கு மேலே பொய்க் குரல்நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. சாதாரணப் பேச்சில் அவை சும்மா இருக்கும். வயிற்றிலிருந்து மூச்சைக் கட்டி அனுப்பி அவற்றையும் அதிரவிடுவதுதான் இந்த உறுமல். பழகாமல் செய்தால் தொண்டை போய்விடும். விடிய விடியக் கூத்தாடுகிறவருக்கும் மூச்சுதான் மூலதனம்.

கதைக்கு வருகிறேன். இந்த வட்டாரத்தில் உயில் கதை யாருக்கும் அந்நியம் இல்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு, சிப்காட் விரிய விரிய, ஏரிப் பாசன நிலமும் மானாவாரிக் காடும் விலை ஏறின. அதுவரை வாய்ச்சொல்லில் இருந்த பாகம் எல்லாம் பத்திரத்துக்கு வந்தது. வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ், கூட்டுப் பட்டா, அத்தைக்குப் பங்கு உண்டா இல்லையா. பத்திரப்பதிவு அலுவலக வாசலில் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் நின்றதை இங்கே பார்க்காதவர் கிடையாது. யாரோ ஒருத்தர் பெயர் எதிர்பாராமல் வாரிசுப் பட்டியலில் வந்து நிற்கும், வீடே அதிரும். பாரதமே பங்குத் தகராறுதானே. ஸ்டாக்ஹோம்காரர் எழுதிய கதைக்கு ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவில் இத்தனை சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

ஆனால் இந்தக் கதை அந்த முதல் வாரங்களில் எத்தனை பேர் காதில் விழுந்தது? கம்பெனி பஸ்ஸில் நடப்பதைச் சொல்கிறேன். ஆல்பத்தின் நீளம் சுமார் 51 நிமிடம். மண்ணூரிலிருந்து ஒரகடத்துக்கு, போக்குவரத்து நல்லபடியாக இருந்தால், அதற்குள் போய்விடலாம். கேட்டில் இறங்கியதும் இயர்போனைக் கழற்ற வேண்டும். பல ஆலைகளில் லைனுக்குள் போனே எடுத்துப் போக முடியாது. அதனால் ஐந்தாம் பிரிவிலோ ஆறாம் பிரிவிலோ கதை நின்றுவிடும். எட்டு மணி நேரம் கழித்து, உடம்பு சோர்ந்து வரும்போது விட்ட இடத்திலிருந்து கேட்கலாம். கேட்பதில்லை. மறுபடி முதலிலிருந்து போடுவார்கள், தூங்கிப்போவார்கள். இப்படிக் கேட்டு, முன்பாதி பிரமாதம், பின்பாதி சுமார் என்று அடித்துச் சொல்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பின்பாதியை விழித்திருந்து கேட்டதே இல்லை என்பது என் சந்தேகம்.

சரி, ஆல்பத்தில் குறையே இல்லையா? உண்டு. அதையும் அந்த டிரெய்னிதான் முதலில் சொன்னான். "எந்த டியூனையும் நிக்க விடமாட்றாங்கண்ணா" என்றான். உண்மை. பிளாக்வாட்டர் பார்க்கில் பத்து நிமிடத்தைத் தாண்டும் பாட்டுகள் உண்டு; தலைப்புப் பாட்டு பன்னிரண்டு நிமிடம். ஒரு மெட்டு வந்தால் அது ஊறுவதற்கு இடம் இருந்தது. புது ஆல்பத்தில் எட்டு நிமிடத்தை எட்டும் பாட்டே இல்லை. அதற்குள் உறுமல், பாட்டு, பேச்சு, வயலின் கூட்டம், குழல், தாள மாற்றம் எல்லாம். நல்ல மெட்டு ஒன்று தலைகாட்டி, நாம் அதைப் பிடித்துக்கொள்ளும் முன் உயிலின் அடுத்த வரி வந்து தள்ளிவிடுகிறது. இரண்டு ஆல்பத்துக்கான சரக்கை ஒன்றில் அடைத்துவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. 2022-ல் சேர்ந்த பின்லாந்து டிரம்மர் வால்ட்டெரி வைரினன் இந்தக் குழுவோடு செய்த முதல் ஆல்பம் இது; இவ்வளவு திருப்பங்களும் சிதறாமல் நிற்கின்றன என்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு.

இன்சார்ஜ் இந்தக் குறையை ஒப்புக்கொள்ளவில்லை. "நீ பதினாறு வருஷம் காத்திருந்தியாடா?" என்று கேட்டார். அதற்குப் பையனிடம் பதில் இல்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. காத்திருந்தவன் கேட்பதும் காத்திருக்காதவன் கேட்பதும் ஒன்றாக முடியாது. ஓபெத் ஆல்பம் வந்து இரண்டரை மாதம் கழித்து, 2025 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ட்ரீம் தியேட்டர் குழுவின் பாராசோம்னியா ஆல்பம் வந்தபோது மறுபடி இதே சண்டை. அங்கேயும் ஒரு திரும்பி வந்த கதை: குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான டிரம்மர் மைக் போர்ட்னாய் 2010-ல் விலகிப் போய், 2023-ல் மறுபடி சேர்ந்தார். இன்சார்ஜ் டிரம்ஸை மட்டுமே கேட்டார். பையன் பத்தொன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் கடைசிப் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு, "இதுல டியூன் நிக்குதுண்ணா" என்றான். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சரி ஒருமுறை கேட்டுத்தான் பார்ப்போமே என்று யாருக்காவது தோன்றினால், ஓபெத்தின் 2003-ஆம் ஆண்டு ஆல்பம் டாம்னேஷனில் தொடங்குங்கள். அதில் உறுமலே கிடையாது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதும் போடலாம். அடுத்து பிளாக்வாட்டர் பார்க். உயில் ஆல்பத்துக்கு வரும்போது பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, வார விடுமுறையில், உட்கார்ந்த இடத்தில் முழுதாகக் கேளுங்கள். பெயர் உள்ள அந்த எட்டாவது பாட்டு எல்லாவற்றிலும் இனிமையானது. முதலில் அதைப் போட ஆசை வரும். போடாதீர்கள். அதில் ஒரு கடிதம் வருகிறது. ஏழு பிரிவும் கேட்ட பிறகு அதைப் படித்தால்தான் யாருக்கு எது சேர வேண்டியது என்ற கணக்கு தலைகீழாகும்.