போகும் நீரும் மீளும் நீரும்



கடலலையைப் பாடாத கவிஞர் நம்மிடையே அரியர். ஆயினும் நம் கவிதைகளில் அலை பெரும்பாலும் ஒரே செயலைத்தான் செய்கிறது: வந்து மோதுகிறது, உடைகிறது. கடலில் நிற்கும் தூணின் பட்டறிவு வேறு. ஆறு தூணை ஒரு திசையில் தள்ளும்; கடலோ தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். நாம் பாட மறந்த அந்த இரண்டாம் பாதியைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

நீரில் பாதியும் வெளியில் பாதியுமாக நிற்கும் மெலிந்த தூணின்மேல் அலைநீர் செலுத்தும் விசையை, 1950-ஆம் ஆண்டில் மோரிசனும் அவர்தம் உடன் ஆய்வாளர் மூவரும் இரண்டாகப் பகுத்துக் காட்டினர். ஒன்று, நீரின் வேகத்தால் விளையும் இழுவை. வேகம் இரு மடங்கானால் இது நான்கு மடங்காகும். மற்றொன்று, வேகம் மாறுவதால் விளையும் நிலைம விசை. ஊஞ்சலை எண்ணிப் பாருங்கள். ஒரு முனையை எட்டித் திரும்பும் கணத்தில் அது நின்றதுபோல் தோன்றும்; அதனை மீட்டு ஈர்க்கும் விசை அங்கேதான் மிகுதி. அலைநீரும் அவ்வாறே. போய்த் திரும்பும் கணத்தில் அதன் வேகம் சுழி, இழுவையும் சுழி. நிலைம விசையோ அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. ஓய்ந்ததாக நாம் காணும் நீர் தூணை விட்டுவிடவில்லை.

இவ்விரண்டில் எது மேலோங்கும் என்பதைக் கியூலிகனும் கார்பென்டரும் 1958-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். நீர் சென்று மீளும் தொலைவு தூணின் குறுக்களவைப்போல் பல மடங்கானால் இழுவை மேலோங்கும். தூண் பருத்து, நீரின் வீச்சுக் குறுகினால் நிலைம விசை மேலோங்கும். ஒரே கடல், கழிக்கு ஒன்றாகவும் தூணுக்கு வேறாகவும் அமைகிறது.

இப்போக்கும் மீட்சியும் ஓயாது தொடர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு, இங்கிலாந்தின் பிளிமத் துறைக்கு அப்பாலுள்ள எடிஸ்டன் பாறை சான்று. அங்கே 1698-இல் ஒளியேற்றிய முதற் கலங்கரை விளக்கத்தை 1703-ஆம் ஆண்டுப் பெரும்புயல், கட்டிய வின்ஸ்டன்லியோடு சேர்த்து ஓரிரவில் கொண்டுபோயிற்று. அடுத்து எழுந்த மரக்கோபுரம் 1755-இல் தீக்கிரையாயிற்று. மூன்றாவதை ஜான் ஸ்மீட்டன் 1759-இல் நிறைவேற்றினார். அடி பருத்து மேலே சிறுக்கும் ஓக் மரத்தை மாதிரியாகக் கொண்டு, கல்லோடு கல்லைக் கோத்துப் பிணைத்தார். கோபுரம் நூறாண்டுக்கு மேல் நின்றது. பின்னர்ப் பேரலை தாக்குந்தோறும் அது அசையத் தொடங்கிற்று. குறை கோபுரத்தில் இல்லை. அதனைத் தாங்கிய பாறையைக் கடல் அரித்திருந்தது. 1882-இல் அருகே புதிய விளக்கம் ஒளியேற்றியது. ஸ்மீட்டன் கோபுரத்தின் மேற்பகுதியைப் பெயர்த்துப் பிளிமத் கரையில் நிறுவினர். அதன் அடிப்பகுதி இன்றும் அப்பாறைமேல் நிற்கிறது.

கவிஞர் பெருமக்களே, துயரை அலையென்று எழுதுகிறோம். மோதலை மட்டும் எழுதினால், வின்ஸ்டன்லியின் துயரை மட்டுமே எழுதியவர்களாவோம். ஸ்மீட்டன் கோபுரத்தின் துயர் வேறு வகையது: தான் சிதையாமல், தன் காலடி கரைவது. அதற்கு நம்மிடம் உவமை போதவில்லை. விசை, நிலைமம், முடுக்கம் என்னும் சொற்கள் பாடநூலோடு முடங்க வேண்டியவை அல்ல. பொருளறிந்து ஆண்டால் கவிதைக்கும் உரியவை. பொருளைச் செவ்விதின் காணாதவன் செய்யும் உவமை நிலைக்காது. அடுத்த பத்தாண்டில் மீளும் நீரையும், ஓய்ந்ததுபோல் தோன்றும் அக்கணத்தையும் நம் கவிதையில் காண விரும்புகிறேன்.