ஆறு காசும் நான்கு காசும்



சமூக நலப்பணியை அரசும் தொண்டு அமைப்புகளும் பங்கிட்டுக்கொள்வது பற்றிப் பேசச் சொன்னீர்கள். எல்லாத் துறைகளையும் தொட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. பள்ளிக்கூடத்துச் சோற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சென்னை மாநகராட்சி 1920இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் இதைத் தொடங்கியது. ஆனால் ஊராரின் கையும் அரசின் கையும் ஒரே பானையில் சேர்ந்தது காமராசர் காலத்தில்தான். 1956இல் பகல் உணவு தொடங்கியபோது ஊர்மக்களே அரிசியும் காய்கறியும் கொடுத்தார்கள். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று கேட்டார். அரசுப் பணம் பின்னால்தான் வந்தது. சாப்பாடு ஒன்றுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, அரசு ஆறு காசும் ஊர் நான்கு காசும் போட்டன. 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் பால்பவுடரும் எண்ணெயும் வந்து சேர்ந்தன.

அந்த நான்கு காசைப் புகழ்ந்து பேசுவது நம் மேடைகளின் வழக்கம். நானும் புகழ்கிறேன். ஆனால் அது விளைச்சலையும் ஊர்ப் பெரியவர்களின் மனத்தையும் பொறுத்தது. கொடுப்பவர் இந்த ஆண்டு முடியாது என்று சொல்லிவிடலாம். அவரை யாரும் கேள்வி கேட்க முடியாது. கொடையின் இயல்பே அதுதான். பிள்ளையின் பசி அதற்குக் காத்திருக்குமா?

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது மொத்தப் பொறுப்பும் அரசுக்கு வந்தது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பணியிடங்கள் உருவாயின. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அவற்றில் முன்னுரிமை கிடைத்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டபோது சோறு உரிமையாகிவிட்டது. உரிமை என்றான பிறகு அதை நன்கொடையாளரின் மனநிலைக்கு விட முடியாது.

அப்படியானால் தொண்டு அமைப்புக்கு என்ன வேலை? சமையலை அதன் கையில் கொடுத்துவிடலாம் என்பது ஒரு விடை. சென்னை மாநகராட்சி தன் பள்ளிகளில் காலை உணவுக்காக அட்சய பாத்திரா என்ற தொண்டு அமைப்போடு கைகோத்தபோது, வெங்காயமும் பூண்டும் இல்லாத சமையல் எதற்கு என்று பெற்றோரும் அரசியல் கட்சிகளும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சமைப்பவரின் நம்பிக்கை சாப்பிடும் பிள்ளையின் தட்டில் விதியாகலாமா? 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கிறார்கள். இவர்கள் அரசு ஊழியரும் அல்லர். தனிப்பட்ட கொள்கையோடு வெளியிலிருந்து வந்தவர்களும் அல்லர். பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே வாழும் பெண்கள். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

ஆனாலும் 1982இல் ஊர் ஒன்றை இழந்தது. தன் அரிசி வெந்த சமையற்கூடத்துக்குள் போய்ப் பருப்பு எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்கும் உரிமை தனக்குண்டு என்ற எண்ணம் மறைந்தது. தொண்டு அமைப்புகள் அங்கேதான் நுழைய வேண்டும் என்பேன். அரிசி அளவையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கண்டதைக் கிராம சபையில் படிக்கட்டும். இதற்கு அரசின் பணம் வாங்க வேண்டாம்.