தோட்டம் யாருடையது?

(மே தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாஸ்டர் பேச வந்தால் பாடம் நடத்துவார் என்று நினைப்பீர்கள். இன்று நான் ஒரு கேள்விதான் கேட்கப் போகிறேன். மட்டத்துக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப் பேர் போடுகிறார்கள். அந்த மட்டத்தை வைத்தது யார்?

முதலாளித்துவத்தில் காணியும் ஸ்டோரும் மெஷினும் சொந்தக்காரர் கையில். நம்மிடம் இருப்பது இரண்டு கைகள். அந்த உழைப்பை நாட்சம்பளத்துக்கு விற்கிறோம். தேயிலை விற்ற பணத்தில் செலவும் சம்பளமும் போக மிஞ்சுவது அவருக்கு. மட்டம் வைப்பதும் அவரே. சோசலிசம் வேறு விதமாகச் சொல்கிறது. காணியும் ஸ்டோரும் உழைக்கிறவர்களின் பொதுச் சொத்து. மிஞ்சுவதை வீட்டுக்குச் செலவழிப்பதா, ஆஸ்பத்திரிக்கா, புதுக்கன்று நடவா என்பதை அவர்களே கூடித் தீர்மானிக்க வேண்டும்.

"அரசாங்கம் தோட்டங்களை எடுத்ததே, அப்போது நமக்கு என்ன கிடைத்தது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

என் அப்பாயி மூன்று சொந்தக்காரருக்குக் கொழுந்து எடுத்தவர். முதலில் வெள்ளைக்காரக் கம்பனி. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளிடம் போனது. மூன்று காலத்திலும் அப்பாயி இருந்தது ஒரே லயக்காம்பராவில்.

ஏன்? மக்கள் சொத்து என்றார்கள். ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்திருந்தது. வாக்கில்லாத நாம் அந்த 'மக்கள்' கணக்கில் இல்லை. 1940 ஜனவரியில், வெள்ளைக்காரன் காலத்தில், முல்லோயாவில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் குண்டுக்குப் பலியானார். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பலியானார். அப்போது தோட்டம் அரசாங்கத்தினுடையது. நம்மைக் கேட்காமல் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கப் பார்த்ததை எதிர்த்த போராட்டம் அது.

ஆகவே, அரசாங்கம் சொந்தக்காரரானால் மட்டும் அது சோசலிசம் ஆகாது. தீர்மானம் எடுக்கும் இடத்தில் உழைக்கிறவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. தோட்டங்களைத் தனியாருக்குக் கொடுத்தபோது பங்குகளில் 10 வீதம் ஊழியருக்கும் கொடுத்தார்கள். பங்கு வந்தது. மட்டம் வைக்கிற மேசையில் நமக்குக் கதிரை வரவில்லை.

இதை இன்றைக்கு ஏன் பேசுகிறேன்? இப்போது சில தோட்டங்களில் தேயிலை மலையைப் பிரித்துத் தந்து, "நீங்களே பராமரியுங்கள், கொழுந்தை எங்களுக்கே கொடுங்கள்" என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, சொந்தத் தோட்டம் மாதிரி. வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நான்கு கேள்வி கேளுங்கள். காணி யார் பெயரில்? கொழுந்து விலையை யார் தீர்மானிப்பது? உரம், மருந்துச் செலவு யாருடையது? சேமலாப நிதியை யார் கட்டுவது? காணி அவர்களுடையது, விலையும் அவர்கள் சொல்வது, நட்டம் மட்டும் நம்முடையது என்றால், அதற்குப் பெயர் சொந்தம் இல்லை.

யார் கடதாசி கொண்டுவந்தாலும், கையெழுத்துப் போடுமுன் தோட்டக் கமிட்டியில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொல்லுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் உட்கார்ந்து வாசிப்போம்.